சி.ஆர். 1009 சப் 1 விதைநெல்: எந்த வெள்ளத்தைத் தாங்கும், எதைத் தாங்காது?

"மூழ்கினாலும் அழுகாத நெல்" என்று சொல்லித்தான் கடைமடையில் இந்த விதையை விற்கிறார்கள். பாதி உண்மை.

டெல்டாவுக்குப் பழகிய பொன்மணியில், அதாவது சி.ஆர். 1009-இல், சப் 1 மரபணுவைச் சேர்த்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த ரகம் இது. அதே 155 நாள், அதே குண்டு அரிசி, இட்லிக்கு அருமை. மரபணு ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லில் இருந்து வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் 2006-இல் அதை அடையாளம் கண்டு வெளியிட்டார்கள்.

சாதாரண நெல் மூழ்கினால் தண்ணீருக்கு மேலே தலை நீட்டப் பார்க்கும். தண்டில் இருக்கும் சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, நீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப் 1 பயிர் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளும். இப்படி ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். கலங்கலான, சூடான தண்ணீர் என்றால் அதுவும் குறையும்.

இனி மீதிப் பாதி. நேரடியாக விதைத்து முளைக்கும்போதே தண்ணீர் நின்றால் சப் 1 உதவாது, நீருக்கடியில் முளைப்பது வேறு குணம். மாதக்கணக்கில் முழங்கால் அளவு தேங்கும் பள்ளத்துக்கும் இது வேண்டாம். வளர்ச்சியை அடக்கும் பயிர் அங்கே பின்தங்கிப் போகும். பூக்கும் நேரத்து வெள்ளத்தையும் தாங்காது. ஆகஸ்ட் நடுவில் விதைத்தால் டிசம்பர் நடுவில் பூ. ஐப்பசி அடைமழையில் பயிர் தூர் கட்டும் பருவத்தில் இருக்கும். அந்த வெள்ளத்துக்குத்தான் இந்த ரகம். மேட்டூர் தாமதமாகத் திறந்து விதைப்பு செப்டம்பர் கடைசிக்குப் போனால் குறைந்த வயது ரகத்துக்கு மாறிவிடுங்கள்.

ஏக்கருக்கு 12 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்கால். இளநாற்றை நட்டு உடனே மூழ்கடித்துவிட்டு ரகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. 30 நாள் தாண்டிய திடமான நாற்று வேண்டும்.

பயிர் வீணாவது பெரும்பாலும் தண்ணீர் வடிந்த பிறகு. இலை பழுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பயந்து அன்றைக்கே யூரியா வீசுகிறார்கள், அல்லது உழுதே விடுகிறார்கள். இரண்டுமே அவசரம். முதலில் வடிகாலை வெட்டிவிடுங்கள். குருத்து பச்சையா என்று ஒரு வாரம் பாருங்கள். புது இலை வந்தால் பயிர் பிழைத்தது. அதன்பின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். யூரியாவைக் கூட்டினால் பாக்டீரியா இலைக்கருகல் வரும். அறுவடை ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போகும், இயந்திரத்துக்குச் சொல்லும்போது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதையில் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பழைய சி.ஆர். 1009 நெல்லையும் இதையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வயலிலும் வெள்ளம் வரும் வரை தெரியாது. பேச்சை நம்பி வாங்கக் கூடாத சரக்கு. வேளாண் விரிவாக்க மையத்தில் நீல நிறச் சான்று அட்டையோடு, ரகப் பெயரில் "சப் 1" இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான், அதனால் சொந்த விதையும் எடுக்கலாம். பக்கத்துப் பொன்மணியோடு களத்திலும் மூட்டையிலும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.