கண்மாய்க் கணக்கை எடுக்க எது தோது: கைக்கோலா, மிதவைக் கருவியா, செயற்கைக்கோளா?

மதுரைக்காரர்கள் நாளிதழில் தவறாமல் தேடும் எண்கள் இரண்டு. ஒன்று வைகை அணை, இன்னொன்று முல்லைப் பெரியாறு. வைகை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களுக்கு மனப்பாடம். பெரியாறு 142-ஐ எட்டுமா என்பது டீக்கடைப் பேச்சு. ஆனால் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கண்மாயில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர், அதன் தெளிவு எப்படி, போன மாதத்தைவிட மீன் மூச்சுவிட வசதியாக இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. 2024 அக்டோபர் மழையில் மதுரையின் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியொரு மழைக்கு முந்தின நாள், மேலே இருக்கும் ஒவ்வொரு கண்மாயிலும் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரிந்தால் எந்த ஷட்டரை எப்போது தூக்குவது என்று முடிவெடுக்கலாம். கணக்கு சிதறிக் கிடப்பதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாசனம் தரும் நிலம், 100 ஏக்கரைத் தாண்டினால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம், நகருக்குள் மாநகராட்சியின் கையும் சேரும். ஒரே வரத்துக்கால்வாயில் அடுத்தடுத்து கிடக்கும் கண்மாய்களின் கோப்புகள் வேறு வேறு அலுவலகங்களில் இருக்கும்.

ஆக, அளப்பதற்கு இன்றைக்கு மூன்று வழி. மூன்றையும் நம் கண்மாய்களை மனதில் வைத்தே பார்க்கிறேன்.

கைக்கோலும் நோட்டும்

மடைச்சுவரில் அடிக்கணக்கு எழுதிய கோல், அதைத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதும் ஓர் ஆள். கருவி அவ்வளவுதான். மடை திறந்து மூடும் நீர்பாய்ச்சி இன்னும் இருக்கிற ஊர்களில் இந்த வேலைக்குப் புது ஆள் தேட வேண்டியதில்லை. தண்ணீர் எந்தப் படியில் நின்றால் எத்தனை நாள் பாசனம் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அது நோட்டில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

தெளிவை அளக்க செக்கி தட்டு போதும். இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865-ல் கடலில் சோதித்த முறை. இன்றும் உலகின் பல பெரிய ஏரிகளில் இது புழக்கத்தில் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு, கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்தது, நீளாத கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு குறி. காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் இடையில், மடை மேடையின் நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். கூலிங்கிளாஸ் போடக் கூடாது. தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் மேலே இழுத்து, மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும். பாசி பிடித்துப் பச்சையாகிவிட்ட நீரில் முழங்கை ஆழத்திலேயே தட்டு காணாமல் போய்விடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்வார்கள்.

எளிய முறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் 1945-ல் மிகயீல் கோஷோவ் என்ற விஞ்ஞானி, ஒரே இடத்துக்குப் படகில் போய் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை வெப்பநிலையும் தெளிவும் நுண்ணுயிர்களும் எடுக்கத் தொடங்கினார். குளிர்காலத்தில் உறைபனியில் துளை போட்டு எடுத்தார்கள். அவருக்குப் பிறகு மகள், அவருக்குப் பிறகு பேத்தி. உலகிலேயே ஆழமான, 1,600 மீட்டருக்கும் மேல் போகும் அந்த ஏரியின் மேல்நீர் 1946-லிருந்து 1.2 டிகிரி சூடாகியிருக்கிறது என்று 2008-ல் உலகுக்குத் தெரிந்தது அந்தக் குடும்பத்தின் கைக்கணக்கால்தான்.

கைக்கணக்கின் பலவீனம் ஆள்தான். திருவிழா, கல்யாணம், உடம்பு சரியில்லை என்று விட்டுப்போன நாளுக்கு உத்தேசமாக ஓர் எண் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் நோட்டு முழுவதும் கெட்டுப்போகும். வெற்றுக் கட்டம் வெற்றாகவே இருக்கட்டும் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். இன்னொரு பலவீனம், இரவு. அங்கேதான் அடுத்த வழி ஜெயிக்கிறது.

மிதவைக் கருவி

நகரக் கழிவு சேரும் கண்மாயில் விடிந்து பார்த்தால் மீன் செத்து மிதக்கிற செய்தி நமக்குப் புதிதில்லை. காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன். பகலில் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும், அடியில் மட்கும் கழிவும் இழுக்கும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். பாசி மண்டிய கண்மாயில் மதியம் மூன்று மணிக்கு அளந்தால் அதைவிடக்கூடக் கூடுதலாகக் காட்டும், நீர் நன்றாக இருப்பதாகத் தோன்றும். விடியற்காலை நாலு மணிக்கு அதே இடத்தில் எண் எங்கோ கீழே கிடக்கும். மீன்வளத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும் குறைந்தபட்சம் 4 மில்லிகிராம். அலுவலக நேரத்தில் மாதிரி எடுத்துப் போகிறவர் இதைப் பார்க்கவே வாய்ப்பில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அளந்து கைபேசிச் சிக்னலில் அனுப்பும் மிதவை பார்த்துவிடும்.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டிவந்தது. ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்துவிட்டது. அதற்குப் பின் அந்த ஏரியின் மேற்குப் பகுதியில் மிதவைக் கண்காணிப்பு பெருகியது. குடிநீர் எடுக்கும் ஏரிக்கு அது சரியான செலவு.

நம் கண்மாய்க்கு? பல அளவீடுகளை ஒன்றாக எடுக்கும் தரமான கருவி லட்சங்களில் விலை. வாங்குவதைவிடப் பராமரிப்பதுதான் சிரமம். நம் வெயிலில், சத்து மிகுந்த நீரில், சென்சார் முனையில் சில நாளிலேயே பாசிப் படலம் ஏறிவிடும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் அது கண்மாயின் ஆக்சிஜனை விட்டுத் தன்மேல் ஒட்டிய பாசியின் ஆக்சிஜனை அளந்துகொண்டிருக்கும். காற்றடித்தால் ஆகாயத்தாமரைத் திட்டு மொத்தமாக நகர்ந்து மிதவையை இழுத்துப்போகும். மீன் குத்தகை எடுத்தவரின் வலையில் மாட்டும். கோடையில் தண்ணீர் வற்றினால் கருவி சேற்றில் உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுக்க நீர் நிற்கும் ஏரிகளுக்காக யோசித்த கருவி இது. நம் கண்மாய்களில் பல பங்குனி, சித்திரையில் ஆடு மேயும் இடங்கள்.

செயற்கைக்கோள்

இதன் பெரிய வரம் பழைய கணக்கு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1970-களிலிருந்து இருக்கின்றன, 2008 முதல் யாருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 இன்னும் துல்லியம்: 10 மீட்டருக்கு ஒரு புள்ளி, இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை. மாடக்குளம், வண்டியூர், நிலையூர், சாமநத்தம் எல்லாவற்றின் நீர்ப்பரப்பையும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே நாள் தேதியில் பார்க்கலாம். எந்தக் கரை எந்த ஆண்டு சுருங்கியது என்பதை வாதாடாமல் காட்டும். இதற்கு நிகராக மற்ற இரண்டிலும் எதுவும் இல்லை.

ஆனால் நமக்கு மிகத் தேவையான மாதங்களில் அது கண்ணை மூடிக்கொள்ளும். கண்மாய் பெருகுவது ஐப்பசி, கார்த்திகையில். மேகம் மூடுவதும் அப்போதுதான். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும் என்றாலும், காற்றில் அலையடிக்கும் நீரையும் செடி மூடிய நீரையும் அது சரியாகப் பிரிப்பதில்லை. ஆகாயத்தாமரை மூடிய இடம் சாதாரணப் படத்திலும் பச்சை நிலமாகவே விழும். கண்மாய்க்குள் வளர்ந்த சீமைக்கருவேல மரத்தடியில் நிற்கும் நீரும் கணக்கில் வராது. சின்ன ஊருணிகளுக்கு இது எடுபடாது. ஓர் ஏக்கர் என்பது சுமார் 40 புள்ளிகள்தான், அதில் பெரும்பங்கு கரையோரக் கலப்புப் புள்ளிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பரப்பைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது.

இங்கேதான் கைக்கோல் மறுபடி வருகிறது. உதாரணத்துக்கு, கோலில் 4 அடி இருந்த நாளில் படத்தில் பரப்பு 100 ஏக்கர், 6 அடி இருந்த நாளில் 140 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட இரண்டு அடிக்குள் சுமார் 240 ஏக்கர்-அடி, அதாவது 10 மில்லியன் கன அடியைச் சற்றே தாண்டிய தண்ணீர். இப்படி அடிக்கு அடி கணக்குப் போட்டுப் பழைய கொள்ளளவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் வண்டல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். தூர்வாரும் பணத்தை எந்தக் கண்மாயில் போடுவது என்பதற்கு இதைவிட நேர்மையான அடிப்படை எனக்குத் தெரியவில்லை. கோல் தனியாகவோ படம் தனியாகவோ இதைத் தராது.

பகிர்வது எப்படி

அளந்ததை எங்கே வைப்பது என்பதில் நான் இன்னும் பிடிவாதக்காரன். கோப்பில் வைத்தால் ஆள் மாறும்போது அதுவும் போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்றைக்குப் பயன்படும், அடுத்த மாதம் தேடி எடுக்க முடியாது. யாரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுப் பட்டியல்தான் வேண்டும். ஒரு வரிக்கு ஒரு அளவு, கூடவே தேதி, மணி, இடம், எந்த முறையில் எடுத்தது.

பறவை பார்ப்பவர்கள் இதை முன்பே சாதித்துவிட்டார்கள். சாமநத்தம் கண்மாயில் நாரை எண்ணி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றும் ஒருவரிடம் அந்தத் தளம் எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், பார்த்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்று கேட்டுத்தான் பட்டியலை வாங்குகிறது. அந்தக் கேள்விகள் இருப்பதால்தான் மதுரைப் பட்டியலும் கனடாப் பட்டியலும் ஒரே ஆய்வில் உட்கார முடிகிறது.

நீர்மட்டத்துக்கு இந்த ஒழுங்கின் பெயர் பூஜ்யம், அதாவது எந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பது. வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுக்கு அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1955-க்கென ஒரே ஆதார மட்டத்தை வகுத்தன. பனியுகப் பாரம் விலகிய நிலம் அங்கே இன்னும் மெல்ல உயர்வதால் 1985-க்கென அதைத் திருத்தி வகுத்தார்கள். இரண்டு நாடுகள் ஒத்துக்கொண்டதை இரண்டு அலுவலகங்கள் ஒத்துக்கொள்ள முடியாதா? ஒரு கண்மாயில் பூஜ்யம் மடையின் அடிக்கல், அடுத்ததில் மறுகால் (உபரிநீர் வழியும் இடம்) உச்சியிலிருந்து கீழ்நோக்கி என்றால் இரண்டு எண்ணையும் சேர்த்து எதுவும் சொல்ல முடியாது.

மட்டத்தை வெளியே சொன்னால் மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் சண்டை மூளும் என்ற பயம் உண்டு. வைகை அணை மட்டம் தினமும் அச்சில் வருகிறது. அதனால் தண்ணீர்ப் பேச்சில் தெளிவுதான் கூடியிருக்கிறது.

என் தேர்வு இது. எல்லாக் கண்மாய்க்கும் கோல், பெரியவற்றுக்கு மாதம் ஒருமுறை செக்கி தட்டு, சரிபார்க்கச் செயற்கைக்கோள் படம். மிதவைக்கான பணத்தை நகரக் கழிவு சேரும், ஆண்டு முழுக்க நீர் நிற்கும் ஒன்றிரண்டு கண்மாய்களில் மட்டும் போடலாம். அதுவும் வாரம் ஒருமுறை துடைக்க ஆளை அமர்த்திய பிறகுதான். கோலை நடுவதற்குக் கோடைதான் தோது. தரை தெரியும்போதே மடை அடிக்கல்லைப் பூஜ்யமாக வைத்து, மறுகால் உச்சி அந்தக் கோலில் எத்தனை அடி என்பதையும் அருகிலேயே எண்ணெய்ப் பெயின்டில் எழுதிவிட்டால், ஐப்பசியில் முதல் வரத்து வந்த அன்றே எண் எடுக்கத் தொடங்கலாம்.