பீன்யாவில் அச்சிட்ட நியண்டர்தால் மண்டையோடு: வாங்கலாமா?

பெங்களூரு பீன்யா பக்கம் ஒரு 3டி பிரிண்டிங் கடையில், ‘லா ஃபெராசி 1’ என்ற நியண்டர்தால் (அழிந்துபோன பழைய மனித இனம்) மண்டையோட்டின் நகல் 6,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளிக் கண்காட்சிக்கு இதைத் தேடும் அல்சூர், விவேக் நகர் பெற்றோர் கவனத்துக்கு.

மூல எலும்பு 1909-ல் பிரான்சின் தொர்தோன் பகுதியில், லா ஃபெராசி என்ற இடத்தில் கிடைத்தது. வயதான ஆணுடையது. நகலில் முகவெட்டு அருமை: கண்களுக்கு மேல் வில்லாக வளைந்த புருவ மேடு, முன்தள்ளிய மூக்குப் பகுதி, பின்மண்டையில் கொண்டை முடிந்தாற்போல ஒரு புடைப்பு. மோவாயும் நம்முடையதுபோல் துருத்தவில்லை.

பல்லில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். அசலில் முன்பற்கள் சாய்வாக, மிக மோசமாகத் தேய்ந்திருக்கும். விலங்குத் தோலைப் பல்லால் கவ்விக்கொண்டு வேலை செய்ததால் வந்த தேய்வு என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த மனிதரின் அன்றாடம் தெரிவதே அங்குதான். 0.2 மி.மீ. அடுக்கில் அச்சிட்டதால் அந்தச் சாய்வு படிக்கட்டாகிவிட்டது. கீழ்த்தாடையை மட்டுமாவது ரெசின் பிரிண்டரில் (திரவப் பிசினை ஒளியால் இறுக்கி அச்சிடுவது) 0.05 மி.மீ. அடுக்கில் கேளுங்கள். கூடுதல் காசு தகும்.

அளவைச் சோதிக்கக் கடுகு போதும். கண்குழித் துளைகளைப் பஞ்சால் அடைத்து, அடிப்பக்கப் பெருந்துளை வழியாகக் கடுகைக் கொட்டி, தட்டித் தட்டி நிரப்பி, அளவுக்குவளையில் ஊற்றுங்கள். தட்டாமல் அளந்தால் கணக்கு குறைத்தே காட்டும். அசலின் கொள்ளளவு சுமார் 1,640 மி.லி. (நமக்குச் சராசரி 1,350 அளவில்தான்.) இந்த நகலில் 1,540 வருகிறது. பிரிண்டர் மேடைக்குள் அடக்க நீளத்தில் 2 சதவீதம் சுருக்கினாலே கொள்ளளவில் 6 சதவீதம் போய்விடும். ‘நூறு சதவீத அளவு’ என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

கன்ன வளைவு எலும்பு மெல்லியது. கூரியரில் முதலில் உடைவது அதுதான். நேரில் போய் எடுப்பது நல்லது. பொருள் பிஎல்ஏ பிளாஸ்டிக், 60 டிகிரியில் இளகும். வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள்.

கூடவே தரும் துண்டுத்தாளைக் கிழித்துப் போடலாம். ‘கூனி நடந்த காட்டுமனிதன்’ என்கிறது. அது 1908-ல் கிடைத்த லா ஷாப்பேல் நியண்டர்தால் எலும்புக்கூட்டை வைத்து பிரெஞ்சு ஆய்வாளர் மார்செலின் பூல் தீட்டிய பிழைச் சித்திரம். அந்த உடலில் மூட்டுவாதம் இருந்ததை 1957-லேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். அதற்குப் பதில், லா ஃபெராசியிலேயே கிடைத்த சுமார் இரண்டு வயதுக் குழந்தையை வேண்டுமென்றே குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள் என்ற 2020 ஆய்வை அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

பள்ளிக்குச் சரி. மானுடவியல் மாணவர்கள் அளவெடுக்க இதை நம்ப வேண்டாம்.