கீழே விழுந்த கிளேயும் என் காரின் பொனற்றும்

மட்டக்களப்பில் காரின் பெயின்டில் பதிந்த துகளை எடுக்கக் கிளே என்னும் களியைப் போட எண்ணியிருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கேற் செய்யும் ஒட்டுவேலைக் கடை ஒன்று உண்டு. அங்கே கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் எனது கறுப்புக் காரில் பதிந்து, கடற்காற்றில் துருவேறிச் சிறு செம்புள்ளிகளாகிவிட்டது. கழுவிய பிறகும், மெல்லிய பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவினால் பொனற் அரத்தாள் போலச் சொரசொரத்தது. இதற்குக் கிளே பொருத்தமானதுதான். பிசைந்த மாவைப் போன்ற அந்தக் களி பெயின்டில் பதிந்த துகளைப் பிடுங்கித் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்பதால், வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுத்து, அடிக்கடி மடித்துப் புதுப்பக்கம் எடுக்க வேண்டும்.

நான் 9,000 ரூபா கொடுத்த இடத்தில் ஷாம்பு போட்டுக் கழுவாமல் வெறும் தண்ணீரை அடித்துவிட்டு, வேறு வாகனத்தில் பாவித்துக் கறுத்துப்போன துண்டை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார்கள். ஒரு தடவை அது மணல் தரையில் விழுந்தது. வேலை செய்த பையன் அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தான். “தம்பி, அது கீழ விழுந்ததல்லவா?” என்றேன். “கழுவிட்டன் சேர், ஒண்டும் ஆகாது” என்றான். விழுந்த கிளேயை எறிந்துவிடத்தான் வேண்டும் என்று தெரிந்திருந்தும் நான் பேசாமல் நின்றது என் பிழை.

நிழலில் எல்லாம் பளபளத்தது. மறுநாள் காலை கல்லடிப் பாலத்தில் வெயில் நேரே விழுந்தபோதுதான் பொனற் முழுவதும் சிலந்திவலை போன்ற கீறல்கள் தெரிந்தன. திரும்பிப் போனேன். அவை பழைய கீறல்கள் என்றும், அழுக்குப் போனதால் தெரிகின்றன என்றும் உரிமையாளர் சொன்னார். சில கார்களில் அப்படியும் நடக்கும். ஆனால் முந்தைய வாரம் வெயிலில் எடுத்த படம் என் கைத்தொலைபேசியில் இருந்தது. அதைக் காட்டியதும் இலவசமாகப் பொலிஷ் போட்டுத் தருவதாக இறங்கி வந்தார். பணத்தைத் திருப்பித் தர மட்டும் இணங்கவில்லை.

நான் மறுத்துவிட்டேன். பொலிஷ் என்பது நிறத்துக்கு மேலேயுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற படையைச் சிறிது சிறிதாக அரைத்தெடுப்பது. அந்தப் படை பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் மட்டுமே, தலைமயிரை விட மெல்லியது. விழுந்த கிளேயால் தேய்த்த கையிடம் அரைக்கும் இயந்திரத்தையும் கொடுப்பதா?

வேறோர் இடத்தில் மேலும் 15,000 ரூபா செலவழித்ததில் மெல்லிய கீறல்கள் மறைந்தன. நகம் சிக்குகிற இரண்டு கோடுகள் மட்டும், சாரதி ஆசனத்துக்கு நேர் முன்னே, அப்படியே இருக்கின்றன.