மேயரைத் தேர்ந்தெடுப்பது யார்: வாக்காளரா, கவுன்சிலரா?

கோவையில் 2014-ல் மேயர் ராஜினாமா செய்தபோது மாநகரம் முழுக்க இடைத்தேர்தல் நடந்தது. அ.தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் பா.ஜ.க. வேட்பாளரைத் தோற்கடித்து மேயரானார். 2024 ஜூலையில் தி.மு.க. மேயர் கல்பனா விலகினார். ஆகஸ்டில் கவுன்சிலர்கள் அடங்கிய மாமன்றம் கூடி ரங்கநாயகியைப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தது. இந்தத் தடவை வாக்குச்சாவடிக்கு யாரும் போகவில்லை. நேரடித் தேர்தலுக்கும் மறைமுகத் தேர்தலுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் சின்ன வித்தியாசமில்லை.

நெல்லையில் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2024 ஜனவரியில் தி.மு.க. மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. விவாதத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட வராததால் அது தோற்றது. ஜூலையில் அவரே ராஜினாமா செய்தார். அப்புறம் நடந்த தேர்தலில் கட்சி அறிவித்த ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு, எதிர்த்து நின்ற அதே தி.மு.க. கவுன்சிலர் பவுல்ராஜுக்கு 23 ஓட்டு. நகரத்தின் தலைமை யாரிடம் போவது என்பது ஒரே கட்சியின் உள்விவகாரமாகிவிட்டது.

மறைமுக முறைக்கும் ஒரு பலம் உண்டு. மாநகரம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணமில்லாதவரும் ஒரு வார்டில் ஜெயித்து மேயராகலாம். 2022-ல் கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டுநரான காங்கிரஸ் கவுன்சிலர் சரவணன் அப்படித்தான் வந்தார். மேயர் ஒரு கட்சி, மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்ற இழுபறியும் குறைவு.

ஆனாலும் என் ஓட்டு நேரடி முறைக்குத்தான். 2011-ல் நேரடித் தேர்தலில் அ.தி.மு.க. 10 மாநகராட்சிகளையும், 2022-ல் மறைமுகத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி 21 மாநகராட்சிகளையும் மொத்தமாக அள்ளின. எந்த முறையானாலும் கோட்டையில் இருப்பவர் கைதான் ஓங்குகிறது, சரி. ஆனால் 2001-ல் அ.தி.மு.க. ஆட்சியிலேயே சென்னை மக்கள் மு.க. ஸ்டாலினை மீண்டும் மேயராக்கினார்கள். மாநிலத்துக்கு ஒருவர், நகரத்துக்கு வேறொருவர் என்று பிரித்துச் சொல்லும் வாய்ப்பு வாக்காளருக்கு இருந்தது. மறுவருடமே, ஒருவர் இரண்டு பதவி வகிக்கக்கூடாது என்ற சட்டம் வந்து, எம்.எல்.ஏ.வாகவும் இருந்த அவர் மேயர் பதவியை விட்டார்.

விதி ஆட்சியாளரின் வசதிக்கு வளைகிறது என்பதுதான் பெரிய கோளாறு. 2016-ல் மறைமுகம், 2018-ல் நேரடி, 2019-ல் மறுபடி மறைமுகம். மூன்றும் ஒரே கட்சி ஆட்சியில். இடையில் ஒரு மேயர் தேர்தல்கூட நடக்கவில்லை. எந்த முறையை வைத்தாலும், அதை மாற்றினால் ஒரு முழுப் பதவிக்காலமான 5 ஆண்டு கழித்தே மாற்றம் அமலுக்கு வரும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.