"சுகர் ஃப்ரீ" லட்டை நம்பி அம்மாவைத் திட்டினேன்: ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

எங்கள் வீடு வடசென்னை தண்டையார்பேட்டையில். அம்மாவுக்கு வயது 67, சுகர் வந்து 11 வருடம் ஆகிறது. மாத்திரையை ஒரு வேளை தவற விட மாட்டார். விடியற்காலையில் நடக்கப் போவார், சோற்றை அளந்துதான் போட்டுக்கொள்வார். ஆனால் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நாக்கில் கொஞ்சம் தித்திப்பு பட வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதை ஒரு குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் ராயபுரம் பக்கம் ஒரு ஸ்வீட் கடையில், கண்ணாடிப் பெட்டிக்கு மேலே பச்சை எழுத்தில் ஒரு பலகையைப் பார்த்தேன். "சுகர் ஃப்ரீ ஸ்வீட்ஸ். சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்." உள்ளே கேழ்வரகு லட்டு, பாசிப்பருப்பு லட்டு, அத்திப்பழ பர்பி. சாதா லட்டு கிலோ 480 ரூபாய், இது 960. அம்மாவுக்கு 11 வருடமாக சுகர் என்று சொல்லித்தான் கேட்டேன். "தாராளமா குடுங்கக்கா, நிறைய பேர் தினமும் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். கேழ்வரகு லட்டு கால் கிலோ வாங்கினேன். அம்மா ஒரு லட்டை நாலாகக் கிள்ளி, துண்டு துண்டாக, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு. மத்தியானம் ஒன்று, சாயங்காலம் டீயோடு ஒன்று.

ஆடி மாதம் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4-இலிருந்து 8.9 ஆகியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். "அடுத்த தடவையும் இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைத் திட்டினேன். எனக்குத் தெரியாமல் எதையோ எடுத்துச் சாப்பிடுகிறாய் என்றேன். சர்க்கரை டப்பாவை அவர் கைக்கு எட்டாத மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தேன். "நான் எதையும் தொடலடி, உங்கப்பா மேல சத்தியம்" என்று அழுதார். நான் நம்பவில்லை. கடைக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். அந்த ஒரு வாரம் அம்மா என்னிடம் ஒரு டம்ளர் டீ கேட்கவே தயங்கினார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

விஷயத்தைப் பிடித்தவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா. என்ன சாப்பிடுகிறார் என்று காலையிலிருந்து ராத்திரிவரை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், லட்டு என்றதும் நிறுத்தினார். "சர்க்கரை போடலைன்னு சொல்றாங்க, சரி. அப்போ எதைப் போட்டு இனிக்குது?"

மூன்று மாதத்தில் நான் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை.

மறுநாள் காலை வீட்டு மெஷினில் பார்த்தோம். வெறும் வயிற்றில் 146. டீகூட இல்லாமல் ஒரே ஒரு லட்டு கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 239. இன்னொரு லட்டை எடுத்து உடைத்துப் பார்த்தேன். மாவுக்கு நடுவில் மிளகு அளவுக்குப் பழுப்பாக ஒரு கட்டி. நாக்கில் வைத்தால் வெல்லம்.

நேராகக் கடைக்குப் போனேன். அவர்கள் மறைக்கக்கூட இல்லை. "வெல்லம்தான்க்கா. சுகர் ஒரு துளி போடலை. வெள்ளைச் சர்க்கரை இல்லாட்டி சுகர் ஃப்ரீதானே?" உள்ளே இருந்த மாஸ்டர் கணக்கையும் சொன்னார். ஒரு கிலோ மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம், அப்புறம் நெய். ஒரு லட்டு 40 கிராம் வருகிறது. அப்படியென்றால் ஒரு லட்டில் ஏறக்குறைய 15 கிராம் வெல்லம், தினம் இரண்டுக்கு 30 கிராம். வெல்லத்தில் பெரும்பகுதி சாதாரண சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். உலக சுகாதார நிறுவனம், சுகரே இல்லாதவர்களுக்கும் ஒரு நாள் முழுக்க 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அந்த ஒரு நாள் அளவை அம்மா இரண்டு லட்டில் முடித்திருக்கிறார். கேழ்வரகு மாவும் உள்ளே போனால் குளுக்கோஸ்தான், அது தனிக் கணக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சாப்பிட்டு முடித்ததற்கு எப்படித் தருவது என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் "ஸ்பெ. லட்டு" என்று மட்டும் இருக்கிறது. பலகையில் இருக்கும் "சுகர் ஃப்ரீ" பில்லில் எங்கேயும் இல்லை. பில் வாங்கும்போதே இதைப் பாருங்கள்.

சுகர் ஃப்ரீ என்பது கடைக்காரர் இஷ்டத்துக்குப் போடும் பெயர் இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம்) 2018-இல் கொண்டுவந்த விதிப்படி, 100 கிராம் பண்டத்தில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருந்தால் அப்படிச் சொல்லவே கூடாது. சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் எல்லாம் இதில் அடக்கம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம், தேன், பேரீச்சம்பழம் எதைப் போட்டாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். பால்கோவா மாதிரி ஐட்டத்தில் எதையுமே சேர்க்காவிட்டாலும் பாலில் இருக்கும் லாக்டோஸ் உண்டு. வெல்லத்தில் இரும்புச்சத்து கொஞ்சம் இருப்பது உண்மைதான். ஆனால் 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380-க்குப் பக்கம். சுகர் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. பனைவெல்லம் கேட்டுப் போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பதநீர் இறங்குவது வெயில் காலத்தில் சில மாதம்தான். வருடம் முழுக்க மலிவாகக் கிடைக்கும் பனைவெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சிக் கலப்பது பழைய பிரச்சினை.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. லட்டை அன்றே நிறுத்திவிட்டோம். ஆனால் லட்டால் ஏறிய சுகரைப் பார்த்து டாக்டர் கூட்டிய மாத்திரை அதே அளவில் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. மெஷினில் 62. மேல்தட்டில் ஒளித்து வைத்த அதே சர்க்கரை டப்பாவை ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் 94-க்கு வந்தது. இப்படி இறங்கும்போது சர்க்கரை, குளுக்கோஸ் பொடி, பழச்சாறு ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஸ்வீட்னர் மாத்திரையோ டயட் பானமோ கொடுத்தால் ஏறாது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். டாக்டரிடம் ஓடினோம், மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்தார். நீங்களும் இப்படி ஒரு பண்டத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நடுவில் சூப்பர் மார்க்கெட்டில் லேபிள் ஒட்டிய சுகர் ஃப்ரீ பிஸ்கெட்டும் வாங்கிப் பார்த்தேன். அதில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிட்டால் என்ற இனிப்புப் பொருள். சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும், ஆனால் ஏற்றவே செய்யாது என்று இல்லை. கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு கட்டுப்படாது. அம்மாவுக்கு ஆறு பிஸ்கெட்டில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அங்கே என்ன போட்டிருக்கிறது என்று படிக்கவாவது முடிந்தது. தட்டில் குவித்து விற்கும் லட்டில் அதற்கும் வழியில்லை.

இப்போது வீட்டில் சுக்ரலோஸ் என்ற ஸ்வீட்னர் வைத்திருக்கிறோம். சர்க்கரையைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு என்பதால் துளி போதும். பாயசத்தை இறக்கி வைத்துவிட்டுச் சேர்க்கிறேன். அஸ்பார்டேம் வகை கொதித்தால் இனிப்பு போய்விடும், சமையலுக்குச் சரிப்படாது. பாக்கெட் பொடியில் அளவைப் பெருக்க, சுகரை ஏற்றும் மாவுச்சத்துப் பொடியான மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது உண்டு, அதையும் பார்த்து வாங்குங்கள். உடம்பு இளைக்க இந்த ஸ்வீட்னர்களை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. ஏற்கெனவே சுகர் இருப்பவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. ஆனாலும் தினமும் போடுவதில்லை, வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளில் அரை கொய்யாவில் மிளகாய்த்தூள், உப்பு தூவிக் கொடுக்கிறேன். டீயில் ஒன்றரை ஸ்பூனாக இருந்த சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்து வந்தோம். இப்போது ஏலக்காய் தட்டிப் போட்ட வெறும் டீதான். நாக்கு பழகுகிறது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீயாடி வேணும்னா பண்ணே" என்று சொல்லிவிட்டார். சர்க்கரை டப்பா பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

பலகையின் போட்டோ, பில் இரண்டையும் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை. வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வேறு கடைகளில் இதே மாதிரி பலகை தொங்குவதைப் பார்த்தேன். கேட்டதற்கு ஒருவர் நாட்டுச் சர்க்கரை என்றார், இன்னொருவர் பேரீச்சை என்றார். நேற்று சாயங்காலம் அந்த ராயபுரம் கடை வழியாக வந்தேன். பச்சைப் பலகை அங்கேயேதான் இருக்கிறது. கீழே புதிதாக ஒரு வரி, தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கு இப்போதே ஆர்டர் கொடுக்கலாம் என்று.