கூகுள் பேட்டன்ட்ஸ்: மிரட்டல் கடிதம் வந்தவர்களுக்கு எவ்வளவு உதவும்?

பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருந்துகொண்டு அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு ஆப் எழுதித் தரும் சிறு நிறுவனங்கள் காப்புரிமை ஆவணங்களைத் தேடித்தரும் கூகுளின் இந்த இலவசச் சேவையைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை தராது. ஆனால் சரக்கு அமெரிக்காவில் விற்றால் அங்குள்ள சட்டம்தான்.

'எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள்' என்று மிரட்டி வந்த கடிதத்தில் உள்ள காப்புரிமை எண்ணைப் போட்டதும் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துப் பதறாதீர்கள். உரிமையின் எல்லையைச் சொல்வது 'கிளெய்ம்ஸ்' (உரிமைக் கோரிக்கைகள்) பகுதி மட்டுமே. வேறு கிளெய்மைச் சாராமல் தனித்து நிற்கும் ஒவ்வொரு கிளெய்மையும் அம்சம் அம்சமாக உடைத்து உங்கள் மென்பொருளோடு ஒப்பிடுங்கள். ஓர் அம்சம் குறைந்தாலே எதிர்த்தரப்பின் வாதம் ஆட்டம் காணும்.

அடுத்து முன்னுரிமைத் தேதி, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலாக விண்ணப்பித்த தேதி. அதற்கு முன்பே அதே யுத்தி வெளியாகியிருந்தால் காப்புரிமையையே செல்லாததாக்கலாம். 'ஒத்த ஆவணங்கள்' பட்டியல் இதற்கு அருமையான தொடக்கம். 2012-இல் இயோலாஸ் நிறுவனத்தின் இணைய உரிமைக் கோரிக்கைகள் டெக்சாஸ் நீதிமன்றத்தில் விழுந்தது இப்படித்தான். உலகளாவிய வலையை (WWW) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே சாட்சி சொன்னார்.

குறைகளும் உண்டு. பொதுவாக விண்ணப்பங்கள் 18 மாதம் கழித்தே வெளியாவதால் புதியவை தேடலில் சிக்காது. காலாவதி நிலையை இதில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது; காப்புரிமையை உயிரோடு வைக்கும் கட்டணம் கட்டப்பட்டதா என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் சரிபாருங்கள். யுத்தி முன்பே வெளியானதற்குச் சான்றாகக்கூடிய பழைய மென்பொருள் கையேடுகளை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

வழக்கே வந்து சம்மன் கையில் கிடைத்துவிட்டால், பதிலுக்குப் பொதுவாக 21 நாள்தான்; அந்தக் காப்புரிமை செல்லுமா என்று காப்புரிமை அலுவலகத்தில் மறுஆய்வு (inter partes review) கேட்க ஓராண்டு.