மாடி ஹாலா, தெருவுக்கு ஒரு வீடா? முதியோர் கூடுகை நடத்த எது தோது

தண்டையார்பேட்டைப் பக்கம் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து, வயசானவர்களுக்காக வாரத்தில் மூன்று நாள் ஒரு கூடுகை நடத்துகிறோம். சுகர், பிரஷர் பார்ப்பது, நாற்காலியில் உட்கார்ந்தபடி கை கால் அசைக்கும் பயிற்சி, பேப்பர் வாசிப்பது, உதவித்தொகை மனு எழுதித் தருவது. மீதி நேரம் தாயம், அரட்டை. இரண்டு வருடம் இதை ஒரு வாடகை ஹாலில் நடத்தினோம். 2024 ஆகஸ்டில் அதைக் காலி செய்துவிட்டுத் தெருவுக்கு ஒரு வீடு என்று மாறினோம். யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் அந்தத் தெருவைச் சேர்ந்த எட்டுப் பேர், பத்துப் பேர் கூடுவார்கள்.

“நாங்களும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எது நல்லது?” என்று கொடுங்கையூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கேட்கிறார்கள். நான் வீட்டுக் கட்சி. நடுநிலையான அலசலை எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம்.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஹாலுக்கு வாடகை, அட்வான்ஸ், வணிக இணைப்புக்கான கரண்ட் பில். வீட்டுக்குப் பால், டீத்தூள், சர்க்கரை. இடவசதியில் ஹால்தான் ஜெயிக்கும். கண் பரிசோதனை முகாம் வைக்க எந்த வீட்டுக் கூடமும் போதாது. மாதத்துக்கு ஒரு முகாம் மட்டும் நடத்துவது என்று மூன்றாவது வழியும் உண்டு. வருவார்கள், மாத்திரை வாங்குவார்கள், போவார்கள். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. அதை இங்கே சேர்க்கவில்லை.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்: கழிப்பறை.

எங்கள் ஹால் முதல் மாடியில். 19 படி. படிதான் பிரச்சினை என்று முதலில் நினைத்தோம். பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி போட்டோம். அப்படியும் பதிவேட்டில் 40 பெயர் இருக்க, வருவது 15 பேர். அதிலும் பெண்கள் 11 மணிக்கு வந்தால் 12 மணிக்குள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். டீ நீட்டினால் வேண்டாம் என்பார்கள். கூச்சம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதப் பகல். காசிமேட்டில் முப்பது வருடம் மீன் விற்ற ஆயா ஒருவர், படியேறி வந்து உட்கார்ந்தவர், பேச வாய் வராமல் நாக்கு ஒட்டிக்கொண்டு திணறினார். தண்ணீர் கொடுத்தேன். தம்ளரைத் தள்ளிவிட்டார்.

“காலைலேர்ந்து தண்ணியே குடிக்கலமா. குட்சிட்டு வந்தா இங்க எங்க போறது?”

ஹாலில் கழிப்பறை இல்லாமல் இல்லை. பின்பக்கம், அரையடி மேடை மேல், குந்தி உட்காரும் வகை. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கொண்டி துருப்பிடித்திருக்கும், போட்டால் எடுக்கப் பலம் வேண்டும். மூட்டு தேய்ந்தவர் உட்கார்ந்தால், எழுப்ப இன்னொருவர் போக வேண்டும். கதவைச் சாத்தாமல் போய்வர எந்த ஆயா சம்மதிப்பார்?

அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பாதிப் பேர் பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை எடுப்பவர்கள். சுகர்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூடுகை உள்ள நாளில் சிலர் அந்தக் காலை மாத்திரையையே விட்டிருக்கிறார்கள். பிரஷர் பார்க்க வருவதற்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள், நாங்களும் கருவியைக் கட்டி, “ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டும் இருந்தால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். வயசானவர்களுக்கு அது சில சமயம் காய்ச்சல், எரிச்சல் என்று காட்டாமல் திடீர்க் குழப்பமாக, பிதற்றலாக வரும். வீட்டில் ‘கெழவிக்குப் புத்தி பெசகிடுச்சு’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சரி செய்யப் பார்க்காமல் இல்லை. வெஸ்டர்ன் மாற்றித் தரக் கேட்டோம். உரிமையாளர் “நீங்க காலி பண்ணிட்டா அது எனக்கு எதுக்கு?” என்றார், அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மேலே வைத்து உட்காரும் கமோடு நாற்காலி ஒன்று வாங்கினோம். ஈரத் தரையில் ஒரு கால் லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒருவரும் அதை நம்பவில்லை. கோடையில் லாரித் தண்ணீரைக் குடத்தில் மாடிக்கு ஏற்ற வேண்டும். கழுவ ஆள் கிடைக்கவில்லை, நாங்களே முறை வைத்தோம். முதல் மாதம் ஒழுங்காக நடந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள், 70 வயது ஆயா தானே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். ஹாலை விடுவது என்று அன்றைக்கு முடிவானது.

வீட்டில் இந்தப் பேச்சே எழவில்லை. எழுந்து தன் வீட்டுக்குப் போகிறார்கள், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தாயம் உருட்டுகிறார்கள். எல்லார் வீட்டிலும் நல்ல கழிப்பறை இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. லைன் வீடுகளில் நாலு குடும்பத்துக்கு ஒன்றுதான். ஆனால் அது பழகின படி, பழகின சுவர். கையை எங்கே ஊன்ற வேண்டும் என்று இருட்டிலும் தெரியும். இப்போது இரண்டாவது டீ கேட்கிறார்கள். கூட்டம் கலைய ஒரு மணியாகிறது.

கூடவே வேறு சில நல்லதும் நடந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் எப்படியும் அந்தத் தெருவுக்கு வருபவர்தான்; ஒரே இடத்தில் எட்டுப் பேரைப் பார்த்துவிடுகிறார். யாராவது வரவில்லை என்றால் ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்தால் போதும்.

குறைகளும் உண்டு. ஆண்கள் வருவதில்லை. அடுத்தவர் வீட்டுக் கூடத்தில், பெண்கள் நடுவே உட்கார அவர்களுக்குக் கூச்சம். ஹாலில் கேரம் போர்டு இருந்தவரை வந்தார்கள். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் பகுதி இது. 75 வயதுக்காரர்கூட ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் நிமிர்ந்து உட்காருவார். வீட்டில் போர்டு போட இடமில்லை.

பழைய குழாயடிச் சண்டைகள் இன்னொன்று. எப்போதோ குடம் உடைந்ததற்காக இன்னும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஹாலில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அதில் ஒருவர் வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் மகன்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தரைவீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மாடி ஹால்தான் காய்ந்திருந்தது. அன்றைக்கு அந்த 19 படியைத் திட்ட மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய குறை, ரகசியம் பேச முடியாதது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகள் கவனிக்காத பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். இதை ஹாலில் சொன்ன அன்று ஒரு பெரியவர் படி இறங்கும்வரை என் பின்னால் வந்து, மெதுவாக, “அந்த மனு எப்படிமா எழுதணும்?” என்றார். அதையே ஒரு வீட்டில் சொன்னேன். பேன் சத்தம் மட்டும் கேட்டது. எப்படிப் பேசுவார்கள்? அடுப்படியில் நிற்கும் அந்த வீட்டு மருமகளும், கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் மருமகளும் சிநேகிதிகள். இப்போது முதியோர் உதவி எண்ணான 14567ஐ மாத்திரை டப்பா மூடியின் உட்பக்கம் எழுதி ஒட்டித் தருகிறேன். அதற்கு மேல் அங்கே செய்ய முடியவில்லை.

ஞாபக மறதி முற்றியவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது; ஒரே ஒருவர்தான் வந்தார், அவர் மகளும் கூடவே இருந்தார். காலை முதல் மாலை வரை பார்த்துக்கொள்ள ஆளும், கூட்டி வர வண்டியும், மதியச் சாப்பாடும் உங்கள் கையில் இருந்தால் கணக்கே வேறு. அப்போது ஹாலை எடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதன் கழிப்பறைக்குப் போய், கையை எங்கும் ஊன்றாமல் நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

நாங்கள் இப்போது மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் தரைத்தளத்தில் ஒரு ஹாலை ஒரு நாளுக்கு எடுக்கிறோம். கேரம் போர்டு அங்கே போகிறது, ஆண்கள் வருகிறார்கள், மனு எழுத மூலையில் ஒரு மேசை. வெஸ்டர்ன் இருக்கிறது, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. கூட்டிப்போய்க் காட்டியும் விட்டோம். அன்றைக்கு மட்டும் ஆயாக்களில் பாதிப் பேர் இன்னும் டீ வேண்டாம் என்கிறார்கள்.